‘அம்மா, அது எங்கே?’

அன்புள்ள அக்காவுக்கு,

பினாங்கு மாநிலத்துப் பிறையிலிருந்து எழுதுகிறேன். லாரி கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை. கணவருக்கு ஷிப்ட். மகள், சின்னவன் இருவரும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். மாமியாரும் எங்களோடுதான். காலை ஆறேகாலுக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் வீடு ரணகளம். ‘அம்மா, காலுறை எங்கே?’, ‘மோட்டார்சைக்கிள் சாவியப் பாத்தியா?’, ‘என் மாத்திரைய எங்க வெச்ச?’ எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள். போன மாதம் என் ஐ.சி.யை, அதான் அடையாள அட்டையை, தொலைத்துவிட்டேன். இது இரண்டாம் தடவை. 300 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் கட்டினேன்.

ஆபீஸிலும் இதே கதைதான். டிரைவர்கள் கொண்டுவரும் டி.ஓ.க்கள் (சரக்கு ஒப்படைத்த சீட்டுகள்) மேசையில் குவிந்து கிடக்கின்றன. வாடிக்கையாளர் ஒன்றைக் கேட்டால் தேடி எடுக்க அரை மணி நேரம் ஆகிறது. ‘உனக்கு ஒழுங்குன்னா என்னன்னே தெரியல’ என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். யூடியூப் பார்த்து நிறைய பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி அடுக்கினேன். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. எனக்குப் பிறவியிலேயே ஒழுங்கு வராதோ?

இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு முன் தவறிப்போன அம்மாவின் டிரங்குப் பெட்டி என்னிடம் இருக்கிறது. உள்ளே அவர் புடவைகள். வீடு சின்னது, கொடுத்துவிடு என்கிறார்கள். மனசு வரவில்லை. பெயர் போட வேண்டாம் அக்கா.

---

அன்புத் தங்கைக்கு,

‘எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது. ஒழுங்கே தெரியாத ஒருத்தியிடம் வீட்டில் நாலு பேர் வந்து பொருள் எங்கே என்று கேட்பார்களா? காலுறை, சாவி, மாத்திரை, கரண்டு பில், சின்னவனின் ஊசி அட்டை எல்லாம் எங்கே இருக்கின்றன என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மொத்த வீட்டையும் தலைக்குள் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். அத்தனையையும் சுமக்கிறவள் கை நழுவவிடுவது தன் சொந்தப் பொருளைத்தான். ஐ.சி. இரண்டு தடவை தொலைந்ததை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அதனால் பெட்டி வாங்குவது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. தலையில் இருப்பதை இறக்கிச் சுவரில் மாட்டுங்கள். உங்களைக் கேட்காமலே மற்றவர்கள் எடுக்கவும் திரும்ப வைக்கவும் முடிய வேண்டும். உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். எப்படி என்பதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

1981-இல், பத்தொன்பது வயதில், பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்தேன். பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறந்தார்கள். அதுவரை பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, அந்தக் கரையில் ஃபேக்டரி பஸ் பிடித்துப் போவோம். ஜப்பான்காரர்களின் ஐந்து ‘எஸ்’ முறையை அங்கேதான் கற்றேன். செய்ரி என்றால் வேண்டாததைப் பிரிப்பது. செய்டோன், வேண்டியதற்கு இடம் குறிப்பது. செய்ஸோ, துடைத்துச் சுத்தம் பண்ணுவது. செய்கெட்சு, எல்லாரும் ஒரே முறையில் செய்வது. ஷிட்சுகே, அதை விடாமல் பழகுவது. உங்கள் வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்திலும் இது இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

எங்கள் லைனில் ஒரு பலகை இருந்தது. ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி, கத்தரி எல்லாம் அதில் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே உருவத்தைக் கறுப்பு மையால் வரைந்து நிரப்பியிருப்பார்கள். இடுக்கியை எடுத்தால் பலகையில் இடுக்கியின் நிழல் நிற்கும். இரவு ஷிப்டுக்கு வருகிற பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவள் எடுத்ததை வைக்காமல் போனால் காலையில் அந்த வெற்று நிழல் எனக்குச் சொல்லிவிடும். யாரும் யாரிடமும் போய் ‘அது எங்கே’ என்று கேட்டதில்லை.

பெட்டி உங்களை ஏன் கைவிட்டது என்று இதிலிருந்தே புரியும். மூடி போட்ட பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அடுக்கியவருக்குத்தான் தெரியும். மறுபடியும் கேள்வி உங்களிடமே வரும். பலகையில் காணாமல் போனதுகூடக் கண்ணில் படுகிறது.

ஆகவே வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகையை மாட்டி ஆணி அடியுங்கள். மோட்டார் சாவிக்கு ஒன்று, வீட்டுச் சாவிக்கு ஒன்று, பள்ளி அடையாள அட்டைகளுக்கு இரண்டு. ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் பொருளின் வடிவத்தை மார்க்கரால் வரையுங்கள். பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள், அவர்கள் வரைந்த இடத்தை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

மற்றப் பொருள்களுக்கு இடம் தேடும்போது ஒரு வாரம் எதையும் மாற்றாமல் வேடிக்கை மட்டும் பாருங்கள். சின்னவன் பையை எங்கே போடுகிறான்? வாசலில் என்றால் அதுதான் பையின் இடம். அங்கேயே அவன் உயரத்துக்குக் கொக்கி மாட்டுங்கள். அறைக்குள் கொண்டுபோய் வைக்கச் சொல்லித் தினமும் தொண்டை வற்றவேண்டாம். காலுறை அலமாரியில் இருப்பதால்தான் காலையில் தேடுகிறீர்கள். அது காலணிப் பக்கத்தில், ஒரு திறந்த கூடையில் இருக்கட்டும். மாமியார் காலையில் முதலில் தொடுவது எது, தேத்தண்ணி ஃபிளாஸ்கா? மாத்திரை அங்கே போகட்டும். அந்தம்மாவுக்கு எழுத்து படிக்கச் சிரமம் என்றால் டப்பாமேல் சூரியன் ஒன்றும் நிலா ஒன்றும் வரைந்து ஒட்டுங்கள்.

இடம் சரிதானா என்று பார்க்க என் அம்மாவின் வழக்கத்தைச் சொல்கிறேன். அவர் கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நிற்க வேண்டும். எங்கள் லயத்து வீட்டில் மின்சாரம் கிடையாது. படுக்கப் போகுமுன் வாசல்படிக்கு இடதுபக்கம் வாளியைக் கவிழ்த்து வைப்பார். அதன்மேல் உளி, உளிமேல் தலைவிளக்கு, பக்கத்து ஆணியில் வேலைக்காட்டுச் சட்டை. விடிகாலையில் விளக்கு ஏற்றாமலே கையை நீட்டுவார், பொருள் கைக்கு வரும். தூங்குகிற எங்களை ஒருநாளும் எழுப்பியதில்லை. இன்றைக்கும் நான் ஒரு பொருளுக்கு இடம் வைத்தால் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பார்க்கிறேன். கை தடுமாறினால் இடத்தை மாற்றிவிடுகிறேன். உங்கள் வேன் அவசரமும் முந்தின இரவு ஒன்பது மணிக்கே தீர வேண்டியதுதான். பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் வீட்டில் இருக்கிற எல்லாரும் எழுந்து நடமாட வேண்டும். நீங்கள் மட்டும் ஓடுவதாக இருந்தால் இதைத் தொடங்கவே வேண்டாம்.

இப்போது ஆபீஸ். ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்திரீட்டில் பழைய மளிகைக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி இருக்கும், பார்த்திருப்பீர்கள். வருகிற பில்லையெல்லாம் அதில் குத்திவிடுவார்கள். பழையது அடியில், புதியது மேலே. போன வாரத்துப் பில் வேண்டுமென்றால் முதலாளியின் விரல் நேரே அந்த உயரத்துக்குப் போகும். காகிதத்தைப் பத்து வகையாகப் பிரித்து வைப்பதைவிட வந்த வரிசையில் வைப்பது எளிது. எந்த வகையில் போட்டோம் என்பது மறந்துபோகும், எப்போது வந்தது என்பது ஓரளவு நினைவிருக்கும்.

உங்கள் டி.ஓ.க்களில் அச்சிட்ட எண் இருக்குமே, அதுதான் உங்கள் நிழல் பலகை. வாடிக்கையாளர் பெயரில் பிரிக்காதீர்கள். எண் வரிசையில் கோப்பில் போடுங்கள். ஒரு தாளில் அல்லது எக்செலில் நாலே கட்டம்: எண், தேதி, வாடிக்கையாளர், லாரி நம்பர். டி.ஓ. புத்தகத்தை டிரைவரிடம் கொடுக்கும்போதே எண்களையும் லாரி நம்பரையும் முன்கூட்டி எழுதிவிடுங்கள். தாள் திரும்பி வந்ததும் அந்த வரியை நிரப்புங்கள். மாலையில் நிரம்பாத வரி எது என்று ஒரே பார்வையில் தெரியும், எந்த டிரைவரிடம் கேட்க வேண்டும் என்றும் தெரியும். வாடிக்கையாளர் கேட்டால் பெயரைத் தட்டினால் எண் வரும், எண்ணைப் பிடித்தால் தாள் வரும். ஸ்கேன் செய்து வைப்பதாக இருந்தால் கோப்புப் பெயரை வருடம், மாதம், நாள் என்று தொடங்குங்கள், 2025-03-07 என்பதுபோல. கணினி தானாகவே வரிசைப்படுத்திவிடும். நாள் எண்ணை முதலில் போட்டால் எல்லா மாதத்து 7-ஆம் தேதியும் ஒன்றாகப் போய் நிற்கும்.

எல்லார் முன்னாலும் சொன்னாரே உங்கள் முதலாளி, அது எனக்கும் வலித்தது. பதில் சொல்லத் தேவையில்லை. ஒரு மாதம் கழித்து அந்தப் பட்டியலை அவர் மேசையில் வையுங்கள். நீங்கள் லீவு போட்ட நாளில் வேறொருவர் அதை வைத்து டி.ஓ. எடுத்துக் கொடுக்கட்டும்.

ஐ.சி. பற்றி ஒரு வார்த்தை. ஆபீஸ் வேலையில் இருப்பவர்கள் அதை விட்டுவிட்டு வருவது நகல் எடுக்கும் மெஷின் கண்ணாடிமேல்தான். நகல் எடுத்ததும் தாளைத் தொடுவதற்கு முன் அட்டையை எடுங்கள். மூன்றாம் தடவை தொலைந்தால் அபராதம் 1000 வெள்ளி.

வீட்டுக் காகிதங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் நான் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் காகிதங்கள் முழுவதும் என் கணவர் பொறுப்பு. அவரும் மிக ஒழுங்கானவர். 2011-இல் ஒரு இரவு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சும் போனது. ஆஸ்பத்திரியில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். வெள்ளையாக ஒன்று, மஞ்சளாக ஒன்று என்றுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. வீடு திரும்பியபின் வீட்டுக் கிராண்டை, அதாவது வீட்டுப் பத்திரத்தை, தேடினேன். கட்டிலில் இருந்தபடி இடது கையால் சமையலறைப் பக்கம் காட்டுவார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். தலையை ஆட்டி அழுவார். மூன்று வாரம் கழித்து, அலமாரி உச்சியில் ஒரு சதுர பிஸ்கட் தகரத்தில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, அத்தனை சுத்தமாக அது இருந்தது. அந்தத் தகரத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் அதைத் தடவிக் கொடுத்தார். ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கிற ஒழுங்கை நினைத்தால் அன்றிலிருந்து எனக்குப் பயம்.

ஆகவே ஒரே ஒரு பை, எல்லாரும் அறிந்த இடத்தில். பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், கிராண்ட், இன்சூரன்ஸ், பாஸ்போர்ட். மேலே ஒரு தாளில் எந்த வங்கி, எந்தப் பாலிசி, கே.டபிள்யூ.எஸ்.பி.யில் (ஊழியர் சேமநிதியில்) வாரிசாக யாரை நியமித்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். நியமனம் செய்யாமலே இருந்தால் இந்த மாதமே செய்துவிடுங்கள். யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்கிற பட்டியல் வீட்டில் மட்டும் இருந்தால் போதாது, இருவர் கைப்பேசியிலும் படமாக இருக்கட்டும். பையைக் கட்டிலுக்கடியில் வைக்காதீர்கள். 2017 நவம்பர் 4, 5-இல் வந்த வெள்ளத்தில் தீவிலும் உங்கள் கரையிலும் எத்தனை வீடுகளில் கீழ்த்தட்டுக் காகிதமெல்லாம் கூழாகிப்போயிற்று என்று உங்களுக்குத் தெரியும். நெஞ்சு உயரத்துக்கு மேலே வையுங்கள்.

வருமான வரி ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். கடையில் தருகிற வழவழப்பான ரசீது சூட்டில் அச்சாவது, ஏழு வருடத்துக்குள் வெற்றுத் தாளாகிவிடலாம். வாங்கின அன்றே படம் எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு ஓர் உறை போதும், உள்ளே பிரிக்க வேண்டாம். பிப்ரவரி, ஆகஸ்டு முடிவதற்குள் கட்ட வேண்டிய வீட்டு வரி, மோட்டார் ரோட் டேக்ஸ், மாமியாரின் கிளினிக் தேதி எல்லாவற்றையும் சமையலறையில் தொங்குகிற, குதிரைப் பந்தய நாள் அச்சிட்ட குதிரைக் காலண்டரில் பெரிதாக எழுதுங்கள். கைப்பேசியில் குறித்தால் அது உங்கள் கைப்பேசிக்கு மட்டும்தான் தெரியும்.

மளிகைக்கு ஒரு சின்ன யோசனை. கடுகு, உப்பு, தேயிலை எல்லாவற்றிலும் இரண்டு. முதல் போத்தல் காலியாகி இரண்டாவதைத் திறக்கிறவர் யாரோ, அவர்தான் பட்டியலில் எழுத வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். இந்த வாரம் வாசல் ஆணிப் பலகை மட்டும். ஆபீஸில் நாளை வருகிற டி.ஓ.விலிருந்து தொடங்குங்கள், பழைய குவியலை அப்புறம் பார்க்கலாம்.

அம்மாவின் பெட்டி. கொடுக்க வேண்டாம், தங்கை. வேண்டாததைப் பிரிக்கச் சொல்லும் முறை எதுவும் அந்தப் பெட்டிக்காகச் சொன்னதில்லை. அதற்கும் ஓர் இடம் குறியுங்கள், அவ்வளவுதான். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் படாமல் இரண்டு மரக்கட்டைமேல் வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெயில் நல்லா இருக்கிற ஞாயிற்றுக்கிழமை எடுத்து நிழலில் காற்றாட விரியுங்கள், மடிப்பை மாற்றி மடியுங்கள், ஜரிகை பழைய மடிப்பிலேயே கிடந்தால் ஒடிந்துவிடும். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எந்தப் புடவையை அம்மா எந்தத் தைப்பூசத்துக்குக் கட்டினார் என்று சொல்லிக்கொண்டே மடியுங்கள். அதையும் நீங்கள் ஒருத்தி மட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா