ஒரு வெட்டு, ஒரு வேளை

(வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், பினாங்கில் மருந்தியல் ஆய்வாளராகவும் விரிவுரையாளராகவும் 29 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர்.)

டாக்டர், என் மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்துவிட்டாள். மருந்தியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். அது பார்மசிதானே என்றால் சண்டைக்கு வருகிறாள். நீங்கள் எப்படி அந்தப் பக்கம் போனீர்கள்?
— லாரி ஓட்டுநர், பட்டர்வொர்த்

சண்டையில் நியாயம் மகள் பக்கம்தான். சரியான மருந்து சரியான அளவில் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பவர் பார்மசிக்காரர். விழுங்கிய மாத்திரை உள்ளே எங்கே போகிறது, எதைத் தொடுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று நோண்டிக்கொண்டே இருப்பவர் மருந்தியல்காரர். நான் முன்னதைப் படித்துவிட்டுப் பின்னதில் போய் விழுந்தவள்.

என் அப்பா பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர். டாக்டர் வாரம் ஒருநாள் வருவார், சில வாரம் வரவும் மாட்டார். மற்ற நாளெல்லாம் அப்பாதான். காய்ச்சலுக்கு ஒரு மிக்சர், வயிற்றுக்கு ஒரு மிக்சர். போத்தலை நோயாளியே கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் கழுவிய சம்சு (மலிவுச் சாராய) போத்தலாக இருக்கும். அப்பா மருந்தை ஊற்றிவிட்டு, ஒரு காகிதப் பட்டையை மடித்து ஓரத்தைக் கத்தரித்து, பசை தடவிப் போத்தலின் பக்கவாட்டில் ஒட்டுவார். பிரித்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். “ஒரு வெட்டு, ஒரு வேளை” என்பார். எழுத்துத் தெரியாதவருக்கும் அது புரியும். எட்டு வயதில் அந்தக் காகிதம் வெட்டுகிற வேலை எனக்கு வந்தது.

ஒருநாள் பால்மரம் வெட்டுகிற ஒருவர் மூன்று நாள் மருந்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வந்து நின்றார். சீக்கிரம் குணமாக வேண்டுமாம். அப்பா திட்டவில்லை. அவரை வாங்கில் உட்காரவைத்து, இருட்டும்வரை நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரி நான், “மூணு மடங்கு குடிச்சா ஏன்ப்பா மூணு மடங்கு வேகமா குணமாகல?” என்று கேட்டேன். “தெரியலம்மா. படிச்சிட்டு வந்து நீ சொல்லு” என்றார்.

அந்த அலமாரியில் யானைக்கால் நோய்க்கான ஹெட்ராசான் டப்பாவும் இருக்கும். அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகடா சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் அங்கே எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான தகுதியோடு 1923ல் பாஸ்டன் போனவர். ஆஸ்பத்திரியில் இரவு வேலையாக மலச்சட்டி கழுவிக்கொண்டே படித்தவர். இன்று புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தருகிற மெத்தோட்ரெக்சேட்டும் அவர் குழு தந்ததுதான். இதெல்லாம் 1980ல் நான் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் பார்மசி மாணவியாகச் சேர்ந்த பிறகே எனக்குத் தெரியும். பழைய பிரிட்டிஷ் ராணுவ முகாம் அது. பிறகு முனைவர் பட்டத்துக்கு ஸ்காட்லாந்து போனேன். குளிரில் மூக்கு ஒழுகியதைத் தவிர அங்கிருந்து சொல்ல அதிகமில்லை.

மகள் முதல் பட்டத்தைப் பார்மசியிலோ உயிர்மருத்துவ அறிவியலிலோ எடுக்கட்டும். மருந்தியல் மேற்படிப்பில் வரும். ஆய்வு மாணவியாக இருக்கிற வருடங்களில் கையில் கிடைப்பது உங்கள் லாரிச் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கும். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு 62 வயது. ரத்தக்கொதிப்புக்குப் பெரிண்டோபிரில் சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா), மிசாய் கூச்சிங் என்ற மூலிகை இலையைக் கொடுத்து தினமும் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார். இயற்கைதானே, குடிக்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, புக்கிட் மெர்த்தாஜாம்

டீச்சர், முதலில் பெயர். நம்முடைய மீசைதான் மலாய்க்குப் போய் மிசாய் ஆனது. கூச்சிங் என்ற பூனையை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். நாமும் பூனைமீசை என்றே சொல்கிறோம். பூவின் நீண்ட கேசரங்களைப் பார்த்தால் பெயர் பொருத்தம் தெரியும்.

இந்த இலை என்னைப் படுத்திய பாட்டைச் சொன்னால்தான் பதில் விளங்கும். 1993. எலியின் பெருந்தமனியை மோதிரம் மோதிரமாக நறுக்கி, 37 டிகிரியில் வைத்த உப்புக் கரைசலில் கம்பியில் மாட்டித் தொங்கவிடுவோம். அடியிலிருந்து 95 பங்கு ஆக்சிஜனும் 5 பங்கு கரியமில வாயுவும் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். உடம்பை விட்டு வந்த பிறகும் அந்தச் சதை மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். அது சுருங்கினால் வரைதாளில் பேனா ஏறும், தளர்ந்தால் இறங்கும். கொதிப்பைக் குறைப்பதாகச் சொல்கிற இலை ஆயிற்றே, குழாயைத் தளர்த்தும் என்று எதிர்பார்த்துச் சாற்றை ஊற்றினேன். பேனா விறுவிறுவென்று மேலே போனது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் பார்க்காத ஒரு வேதிப்பொருள் கையில் சிக்கிவிட்டது என்று நினைத்தேன். சாற்றை ஒவ்வொரு கரைப்பானாகப் பிரித்துப் பார்த்தேன். வேலை செய்கிற சரக்கு ஒவ்வொரு முறையும் தண்ணீர்ப் பகுதியிலேயே தங்கியது. கொதிக்கவைத்தேன், அசையவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எட்டு மாதம் போயிற்று. துறைக் கூட்டத்தில் படம் போட்டுப் பெருமையாகப் பேசி முடித்ததும், பின்வரிசையில் இருந்த வேதியியல்காரர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சாம்பல் எவ்வளவு?” சாற்றை எரித்தால் மிஞ்சுகிற உப்பு எவ்வளவு என்று அர்த்தம்.

மறுநாள் உப்புகளை அளக்கிற ஃபிளேம் போட்டோமீட்டர் கருவியை இரவல் வாங்கி அளந்தேன். சாறு முழுக்கப் பொட்டாசியம். வெளியே பொட்டாசியம் கூடினால் ரத்தக்குழாய்த் தசை தானாகவே சுருங்கும். குழாய் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் காலையில் நாங்கள் முதலில் ஊற்றுவதே பொட்டாசியம் குளோரைடுதான். அதை நான் எட்டு மாதம் செலவழித்து மறுபடி கண்டுபிடித்திருக்கிறேன். நியூயார்க்கில் ஃபர்ச்காட் என்பவரின் ஆய்வகத்திலும் இதே மாதிரித் தமனித் துண்டுகள்தான். 1978ல் உதவியாளர் சோதனை வரிசையை மாற்றிவிட்டார். சுருங்க வேண்டிய துண்டு தளர்ந்தது. அதைத் துரத்திப் போனவர், குழாயின் உட்சவ்வு தேய்ந்துபோகாமல் இருந்தால் மட்டுமே தளர்ச்சி வருகிறது என்று கண்டார். 1998ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. என் தவறுக்குக் கிடைத்தது கான்டீனில் ஒரு பட்டப்பெயர். அதை இங்கே எழுதமாட்டேன்.

இப்போது உங்களுக்கு. பெரிண்டோபிரில் குடும்பத்து மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர் எப்போதாவது ஒரு கோப்பை குடித்தால் ஒன்றும் ஆகாது. சிறுநீரகம் தளர்ந்தவர், கூடவே பொட்டாசியத்தைத் தேக்குகிற ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவர் இந்தப் பக்கமே போகக்கூடாது. பொட்டாசியம் ஏறுவது வெளியே தெரியாது. நேரே இதயத் துடிப்பில்தான் கை வைக்கும். அடுத்த முறை கிளினிக்கில் சிறுநீரக ரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பொட்டாசியம் 3.5க்கும் 5.0க்கும் நடுவில் இருக்க வேண்டும். இலை விஷயத்தையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மாக்சிக்கிடம் ஒன்று கேளுங்கள்: ஒரு கைப்பிடி என்றால் எத்தனை கிராம்? ‘அளவுக்கு மிஞ்சினால்’ என்று தொடங்குகிற பழமொழி நம் எல்லாருக்கும் மனப்பாடம். அளவு என்ன என்று மட்டும் அந்தப் பழமொழி சொல்வதில்லை.

கொழுப்பு மாத்திரையை இரவில்தான் விழுங்குகிறேன். பம்பளிமாஸ் சாப்பிடுவது காலையில். இடையில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறதே, போதாதா?
— தம்பூன் பழப்பிரியர், ஈப்போ

மாத்திரை சிம்வாஸ்தாத்தின் என்றால் போதாது. குடல் சுவரில் ஒரு நொதி இருக்கிறது. சிம்வாஸ்தாத்தினின் பெரும்பகுதியை ரத்தத்தில் சேருமுன்பே அது சிதைத்துவிடும். அந்தச் சேதாரத்தையும் கணக்கில் வைத்துத்தான் மாத்திரையின் அளவே வகுத்திருக்கிறார்கள். பம்பளிமாஸில் உள்ள ஒரு வகைப் பொருள் அந்த நொதியை முடக்கிவிடும். உடம்பு புது நொதி செய்து முடிக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை ஒரு மாத்திரை பல மாத்திரையாக உள்ளே போகும். தசை வலித்து, சிறுநீர் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

இது தெரியவந்ததும் தற்செயல்தான். கனடாவில் டேவிட் பெய்லி என்பவர் ஒரு ரத்தக்கொதிப்பு மருந்தோடு மதுவைக் கொடுத்துச் சோதித்தபோது, மதுவின் சுவை தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார். மருந்து அளவு எகிறியது. காரணம் சாறு. 1989ல் வெளியிட்டார். அந்த கிரேப்ஃப்ரூட்டுக்குத் தாய்மரம் நம் பம்பளிமாஸ். பழத்தை விட மனமில்லை என்றால் டாக்டரிடம் மாத்திரையை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்; ரோசுவாஸ்தாத்தினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

முட்டிவலிக்கு ஒருவர் வீட்டுக்கே வந்து பொடி கொடுக்கிறார். மூலிகை மட்டும்தானாம். ஓர் இரவில் வலி போய்விட்டது!
— பெயர் வேண்டாம், தைப்பிங்

ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள். எனக்குப் பயம்தான் வந்தது. தேய்ந்த முட்டியை ஓர் இரவில் அடக்குகிற மூலிகையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஓர் இரவில் அடக்குகிற ஸ்டீராய்டு உண்டு. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் பொடியிலும் ஜாமு என்ற நாட்டு மருந்திலும் கலந்து விற்றுப் பிடிபட்டவை இந்த நாட்டில் ஒன்றிரண்டு அல்ல. என் சொந்த அத்தை இப்படி ஒரு பொடியை நான்கு மாதம் சாப்பிட்டார். முகம் நிலா மாதிரி உப்பியது. எல்லாரும் “பூரிச்சிட்டீங்க” என்றார்கள். சர்க்கரையை அளந்தால் 17 மில்லிமோல், பயங்கர உயர்வு.

பொட்டலத்தில் ‘மால்’ (MAL) என்று தொடங்கி எட்டு எண்ணும் கடைசியில் ‘டி’ (T) என்ற எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பாரம்பரிய மருந்துக்கு அந்த எழுத்து. இருந்தால், தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் எண்ணைத் தட்டிச் சரிபாருங்கள். போலி எண்ணும் அச்சடிக்கிறார்கள். ஒன்று முக்கியம்: இதைப் படித்துவிட்டுப் பொடியைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பல வாரம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். திடீரென்று விட்டால் மயங்கி விழலாம். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீங்கள் சைவம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். 29 வருடம் எலிகளைக் கொன்றது உறுத்தவில்லையா?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

உறுத்தியது. இப்போதும் உறுத்துகிறது. எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை, எண்ணியிருக்க வேண்டும்.

விலங்குக்குப் பதில் வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று ரசல், பர்ச் என்ற இருவர் 1959லேயே எழுதிவைத்தார்கள். நான் செய்ய முடிந்தது நடுவில் இருப்பதுதான். ஓர் எலியின் தமனியில் நான்கு மோதிரம் வரும். நான்கையும் நான்கு தொட்டியில் மாட்டினால் நான்கு எலியின் வேலையை ஒன்று செய்யும். ஒரு மோதிரத்தை நறுக்கிவிட்டு மிச்சத்தைக் குப்பையில் போட்ட மாணவனை ஒரு வாரம் ஆய்வகத்துக்குள் விடவில்லை. ஒரு கூட்டத்து விலங்குகளில் பாதி சாகும் அளவைக் கண்டுபிடிக்கிற சோதனை 1927லிருந்து நடந்தது. அதன் பழைய முறையைச் சர்வதேச வழிகாட்டிகளிலிருந்து 2002ல் எடுத்துவிட்டார்கள். அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

விலங்குச் சோதனையே வேண்டாம் என்பவர்களோடும் நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. சரியாகச் சோதிக்காமல் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த தாலிடோமைடு எத்தனை குழந்தைகளின் கைகால்களைப் பறித்தது என்று தெரியும். எலி அந்த மருந்துக்கு அவ்வளவாக மசியாது என்பதும் தெரியும். இரண்டும் உண்மை. உங்களுக்குச் சுத்தமான பதில் என்னிடம் இல்லை.

டெங்கிக்குப் பப்பாளி இலைச் சாறு: உண்மையா, புரளியா?
— வாசகி, கிள்ளான்

உங்கள் ஊரிலேயே சோதித்தார்கள். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 228 நோயாளிகள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 50 கிராம் இலையின் சாறு, தினம் ஒருமுறை, மூன்று நாள். குடித்தவர்களுக்கு ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை கூடியது என்று 2013ல் வெளியிட்டார்கள். யார் குடித்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்தே நடந்த சோதனை, அது ஒரு குறை. எண் ஏறுவது வேறு, ஆள் பிழைப்பது வேறு. டெங்கியில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது. சாறு குடிப்பதானால் குடியுங்கள், ஆனால் அதை நம்பி வீட்டில் படுத்துவிடாதீர்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிறு வலித்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அதுதான் ஓட வேண்டிய நேரம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். அஸ்பிரின், இபுபுரோஃபன் தொடாதீர்கள்.

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?
— குறும்புக்காரன், ஜெலுத்தோங்

அம்லோடிபின் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரை, 5 மில்லிகிராம், காலையில் ஒன்று. பின்வாசலில் ஒரு தொட்டி மிசாய் கூச்சிங்கும் இருக்கிறது. பறிப்பதில்லை. வெள்ளையாகப் பூக்கும், வண்ணத்துப்பூச்சி வரும்.