ஐந்து வரிகூட எழுத முடியாத கோடை

கேள்வி: நகரத்தில் ஆறாவது மாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறேன். வயது முப்பத்து நான்கு. நாள் முழுவதும் கணினி முன்னால் வேலை. எங்கள் தோழிகள் வட்டத்தில் ஒவ்வொரு பருவத்திலும் ‘இப்போது எனக்குப் பிடித்த ஐந்து’ என்று எழுதி அனுப்பிக்கொள்வது வழக்கம். இந்தக் கோடையில் என்னால் ஒன்றைக்கூட எழுத முடியவில்லை. வீட்டில் ஏசி, காரில் ஏசி, அலுவலகத்தில் ஏசி. வசதிக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஆண்டு விடுமுறைக்கு எங்கும் போக வழியில்லை. வெயில் எப்போது முடியும் என்று நாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். சின்னச் சின்ன விஷயங்களை ரசிக்கும் மனம் எனக்குப் போய்விட்டதா?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

மனம் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கான விடையை நீங்களே சில வரிகளுக்கு முன்னால் எழுதிவிட்டீர்கள்: வீட்டில் ஏசி, காரில் ஏசி, அலுவலகத்தில் ஏசி. பசியோடும் தூக்கத்தோடும் சேர்ந்து எல்லாவற்றிலுமே நாட்டம் விட்டுப்போயிருந்தால் மருத்துவரிடம்தான் முதலில் போகச் சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. உங்கள் மனத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. இந்த ஆண்டுக் கோடைக்குள் நீங்கள் இன்னும் காலெடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும் என்பார்கள். மிஷேல் கபனாக் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் இதையே 1971-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய ஒரு கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார். உடல் சூடேறிய ஒருவர் குளிர்ந்த நீரில் கையை வைத்தால் அது அவருக்குச் சுகமாக இருக்கிறது. உடல் குளிர்ந்துபோன நிலையில் அதே நீரில் கை வைத்தால் தாங்கவில்லை. நீர் ஒன்றுதான், உடலின் தேவைதான் வேறு. இன்னொன்றையும் அவர் கவனித்தார்: தேவை தீர்ந்ததும் அந்தச் சுகமும் அடங்கிவிடுகிறது. முதல் குவளைத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது இருக்கும் அந்த உயிர்ப்பு இரண்டாவது குவளையில் இல்லாததற்குக் காரணம் இதுதான். எந்நேரமும் ஒரே குளிர்ச்சியில் இருப்பவருக்கு வசதி இருக்கும். ஆனால் கோடை தரக்கூடிய சுகங்கள் அனைத்தும் வெம்மையிலிருந்து அது தணியும் நிலைக்கு நாம் கடக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கின்றன. அந்த நிமிடங்களைத்தான் உங்கள் நாளில் ஏசி மூடிவைத்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நண்பகலில் வெயிலில் போய் நின்றுவிடாதீர்கள். கடும் வெயில் ஆளைச் சாய்த்துவிடக்கூடியது. குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் ஏசி ஒரு பாதுகாப்பு. காற்று 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் மின்விசிறி உடலை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. நான் கேட்பது நாளின் இரண்டு ஓரங்களை மட்டும்தான்.

முதலில் விடியற்காலை. லூக் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வானிலை ஆய்வாளர் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு லண்டனின் வெப்பநிலையை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து, நகரத்தின் இரவு சுற்றுப்புறக் கிராமங்களின் இரவைவிடச் சுமார் 2 டிகிரி செல்சியஸ் சூடாக இருக்கிறது என்று கண்டறிந்தார். பகலெல்லாம் வெயிலை வாங்கிவைத்துக்கொள்ளும் சுவரும் சாலையும் இரவு முழுவதும் அதைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே இருப்பதால், நகரவாசிக்குக் கிடைக்கும் உண்மையான குளிர்ச்சி சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டிய ஒரு சிறு பொழுதுதான். அந்த நேரத்தில் ஏசியை அணைத்துவிட்டு எல்லாச் சன்னல்களையும் திறந்து வையுங்கள். செருப்பில்லாமல் வீட்டுக்குள் நடங்கள். பாயிலிருந்து கால் தரைக்கு இறங்கும்போது உள்ளங்காலில் ஏறும் அந்தச் சில்லிப்பைக் கவனித்திருக்கிறீர்களா? பாயும் தரையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. காலின் சூட்டைத் தரை வேகமாக இழுத்துக்கொள்வதால் அது குளிர்கிறது. இந்தக் கோடையில் என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். காலை ஐந்தே முக்காலுக்கு, விளக்குப் போடாமல், கூடத்திலிருந்து சமையலறை வரை வெறுங்காலோடு நடக்கும் பன்னிரண்டு அடிகள்.

ஆறாவது மாடியில் இருக்கிறேன் என்று சற்று வருத்தத்தோடு எழுதியதாக எனக்குத் தோன்றியது. எனக்கோ அதில் பொறாமை. அதே ஹோவர்ட்தான் 1802-இல் ஆற்றிய ஓர் உரையில் மேகங்களுக்கு இன்றுவரை உலகம் பயன்படுத்தும் பெயர்களைச் சூட்டினார். கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தவை அவர் வகுத்தவைதாம். பிற்பகலில் வேலைக்கு நடுவே ஐந்து நிமிடம் சன்னலருகே நின்று, பஞ்சுப் பொதிபோல எழும் திரள் மேகங்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். மேலே எத்தனை கொந்தளிப்பாகக் குவிந்திருந்தாலும் அடியில் கோடு கிழித்தாற்போல் சமமாக இருக்கும். தரையிலிருந்து சூடாகி மேலெழும் காற்று, ஒரு குறிப்பிட்ட உயரத்தில் குளிர்ந்து, தன்னிடமுள்ள நீராவியைத் துளிகளாக மாற்றுகிறது. அந்த உயரம்தான் நீங்கள் பார்க்கும் அந்தக் கோடு. கீழே நம்மைத் தகிக்க வைத்த அதே சூடுதான் மேலே மேகமாகிறது என்பது தெரிந்த நாளிலிருந்து, பிற்பகல் வெயிலைக் கண்டு முன்போல எனக்கு மனம் சோர்வதில்லை.

இனி மாலை. பால்கனியில் ஒரே ஒரு தொட்டி வைக்க இடமிருந்தால் அந்திமந்தாரை வையுங்கள். விதை போட்டால் வந்துவிடும். பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. வெயில் தாழும் நேரத்தில், மடக்கிய குடைபோல முறுக்கிக்கொண்டிருக்கும் மொட்டு மெல்லத் தளரும். மடிப்புகள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்து ஒரு சிறு ஊதுகுழலாக விரியும். அதற்குள்ளிருந்து நூல்போன்ற மகரந்தத் தாள்கள் வெளியே நீண்டு எட்டிப்பார்க்கும். சில செடிகளில் ஒரே கிளையில் மஞ்சளும் கருஞ்சிவப்பும் சேர்ந்தே பூக்கும். இருட்டில் வரும் விட்டில்களை அழைப்பதற்காகவே பூப்பதால், மணமும் அந்த நேரத்தில்தான் எழும். மறுநாள் வெயில் ஏறும்போது அந்தப் பூ சுருண்டுவிடும். நீங்கள் ஏசி அறைக்குள் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்துவிட்டால் அன்றைய மலர்ச்சியைத் தவறவிட்டுவிடுவீர்கள். நாளை வேறொரு பூதான் விரியும்.

அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் முறையிலும் ஒரு சுகம் இருக்கிறது. குடத்தைச் சாய்க்காமல், காய்ந்த மண்ணின் மேல் கையால் தெளியுங்கள். மண்வாசனை எழும். 1964-இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இந்த வாசனைக்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயரிட்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. துளி விழும்போது மண்ணின் நுண்துளைகளில் சிக்கும் காற்று, குமிழாக மேலே வந்து வெடித்து, அந்த வாசனையைக் காற்றில் தெளிக்கிறது. அடைமழையைவிடத் தூறலில் இது அதிகம் என்பதால்தான் தெளிக்கச் சொன்னேன். கோடைமழை வரும் நாளில் அந்த மழையே இதை நகரம் முழுவதும் செய்யும். அந்த நாளில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்காதீர்கள்.

வேலை முடிந்து வரும்போது லிஃப்ட்டை விட்டுவிட்டு, கடைசி இரண்டு மாடிகளையாவது படியேறி வந்து, வியர்வையோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பாருங்கள். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியை உங்கள் தோலிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. வியர்க்காத உடம்புக்கு மின்விசிறி வெறும் காற்று, வியர்த்த உடம்புக்கோ அது வரம். அதற்குப் பிறகு ஒரு குவளைத் தண்ணீர். நின்றுகொண்டே அவசரமாகக் குடிக்காமல், உட்கார்ந்து, முதல் மடக்கை வாயில் ஒரு நொடி வைத்திருந்து குடியுங்கள்.

உங்களுக்கு ஒன்றும் பிடிக்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். பிடித்தவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை அவை பழக்கத்தால் வருபவை. மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்வது, முதல் நாள் எனக்கு வெறும் ஈரத்துணியாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் ஒரே நேரத்தில் ஒரே நாற்காலியில் தொடர்ந்த பிறகு, பிற்பகல் நான்கு மணி எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கினேன். ஆகவே மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து பார்க்க வேண்டாம். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதே நேரத்தில் பத்து நாள் செய்யுங்கள்.

தோழிகளுக்கு என்ன எழுதுவது என்ற கவலையையும் விட்டுவிடுங்கள். அவர்கள் கேட்பது ஐந்து. நீங்கள் ஒன்றை மட்டும் எழுதுங்கள், ஆனால் நேரத்தையும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். ‘தண்ணீர்’ என்று எழுதாமல், ‘மாலை ஆறரைக்கு, படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள், பால்கனிப் படியில் உட்கார்ந்து குடிக்கும் தண்ணீர்’ என்று எழுதுங்கள். மீதி நான்குக்கான இடத்தைக் காலியாகவே விட்டு அனுப்புங்கள். கோடை முடிய இன்னும் நாள் இருக்கிறது. அந்திமந்தாரை விதையை இந்த வாரமே போட்டுவிட்டால், முதல் பூ விரியும் மாலையில் இரண்டாவது வரியை எழுதிவிடலாம்.