வருவதும் போவதும் ஒரே சொல்

அன்புள்ள ஐயா,
ஸ்பானிஷ் படிக்கிறேன். அதில் 'யெகார்' என்றால் வந்து சேர்தல். ருமேனியத்தில் 'ப்லெக்கா' என்றால் கிளம்பிப் போதல். இரண்டும் ஒரே லத்தீன் வினை என்கிறாள் உடன் வேலை செய்யும் ருமேனியத் தோழி. ஓசையும் ஒட்டவில்லை, பொருளும் ஒட்டவில்லை. நம்புவதா? இரண்டில் எதை முதலில் படிக்கலாம்?

அன்புள்ள நண்பருக்கு,
தோழி சொன்னது சரி. மூலம் 'ப்லிக்காரே', மடித்தல். ஆனால் 'ஓசையும் ஒட்டவில்லை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, அதை விட மனமில்லை. மொழியுறவைக் காதால் அளக்கக் கூடாது. நம் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு', 'பத்து' அங்கே 'ஹத்து'. ஒரு சொல் மாறினால் தற்செயல், வரிசையாக மாறினால் விதி.

லத்தீன் சொல்முதல் 'ப்ல' ஸ்பானிஷில் யகரமாகும் (எழுத்தில் இரட்டை எல்). போர்த்துகீசியத்தில் ஷகரம், இத்தாலியத்தில் 'பிய'. பிரெஞ்சும் ருமேனியமும் அதை அப்படியே வைத்துக்கொண்டன. மழைக்கு லத்தீனில் 'ப்லூவியா'. அது யூவியா, ஷூவா, பியோஜ்ஜா, ப்லுயி, ப்லோயே என்று போகும். அதே வரிசையில் ப்லிக்காரேயை வையுங்கள்: யெகார், ஷெகார், பியெகாரே, ப்லியே, ப்லெக்கா. நடுவில் உள்ள ககரம் ஸ்பானிஷில் நம் 'முகம்' போல மெலிகிறது, ருமேனியத்தில் 'பக்கம்' போல வலித்தே நிற்கிறது. இனியும் ஒட்டவில்லை என்பீர்களா?

ஸ்பானிஷிலேயே மடித்தலுக்கு 'ப்லெகார்' என்று ஒரு வினை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதுவும் இதே மூலம்தான். ஏட்டு லத்தீனின் செல்வாக்கில் 'ப்ல' பிழைத்துக்கொண்டது. பலர் சறுக்கும் இடம் இது: தன்மை ஒருமையில் ப்லெகார் 'ப்லியெகோ' ஆகும், யெகார் 'யெகோ' என்றே நிற்கும்.

பொருள் திரிந்ததில் பெரிய மர்மம் இல்லை. கப்பலைக் கரையோடு அணைப்பதற்கு லத்தீனில் 'அப்ப்லிக்காரே'. அணைதல் நெருங்குதலாகி, பிறகு வந்து சேர்தலானது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித நாட்டுக்குப் போன எகேரியாவின் பயணக் குறிப்பிலேயே ப்லிக்காரே நெருங்குதலைக் குறிக்கிறது. ருமேனிய ப்லெக்காவில் குனிதல், தலை தாழ்த்துதல் என்ற பழைய மடிப்பு இன்றும் இருக்கிறது. ரோமச் சிப்பாய்கள் கூடாரத்தை மடித்துக் கிளம்பியதால் 'போதல்' வந்தது என்பார்கள். அழகான ஊகம், அவ்வளவுதான்.

எதை முதலில் என்றா கேட்டீர்கள்? எடுத்த ஸ்பானிஷை முடியுங்கள், கண்ணு. 'வந்து சேர்ந்தேன்' என்பதற்கு 'யெகே' என்று எழுதும்போது ஜி எழுத்தின் பின்னால் யு போட மறக்காதீர்கள். விட்டால் ககரம் ஹகரமாகிவிடும்.