அடிக்கடி பயணம் செய்பவருக்கு 12 இன்ச் லேப்டாப் சரிப்படுமா? அதே விலைக்கு 15.6 இன்ச் கிடைக்கிறதே?

கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "அதே காசுக்குப் பெருசு கிடைக்கும்போது யாராவது சின்னதை வாங்குவாங்களா சார் என்று கடைக்காரர் சிரிக்கிறார்." அந்தச் சிரிப்பை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். கடையில் மட்டுமில்லை, ஆபீஸிலும் வீட்டிலும்கூட. அதனால்தான் வேலையைப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

சரிப்படும். தாராளமாக வாங்குங்கள். ஏன் என்று கேட்கிறவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

நான் லேப்டாப் விமர்சனம் எழுதுகிறவள் இல்லை. மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. எக்செல், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர், வருமான வரித் தளம், ஜிஎஸ்டி தளம், இந்த நாலுக்குள் என் பிழைப்பு ஓடுகிறது. கேம் ஆடுகிறவர்கள், கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள், ஆட்டோகேட் போடுகிற இன்ஜினியர்கள் எல்லாம் "கிராபிக்ஸ் கார்டு இல்லாத டப்பாவுக்கா இவ்வளவு பேச்சு" என்று கமென்ட்டில் வருவீர்கள் என்று தெரியும். உங்கள் வேலைக்குப் பெரியதுதான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். சண்டை வேண்டாம்.

எதில் பயணம் செய்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. விமானம் என்றால் கணக்கு சுலபம். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குக் கையில் கொண்டுபோகும் பை பெரும்பாலும் 7 கிலோதான். 15.6 இன்ச் லேப்டாப்பும் சார்ஜருமே அதில் இரண்டரை கிலோவைத் தின்றுவிடும். மீதியில் துணிமணி. அதில் வேறு சொல்ல ஒன்றுமில்லை. நீங்களும் என்னைப் போல பஸ் ஆள் என்றே வைத்துக்கொள்கிறேன். லேப்டாப்பின் கனம் தெரிவது பஸ்ஸில்தான்.

ஆபீஸில் எனக்கு முதலில் கொடுத்தது 15.6 இன்ச். வலது ஓரத்தில் எண்களுக்கென்று தனியாக நம்பர் பேட் இருக்கிறது, கணக்கு பார்க்கிறவர்களுக்கு அதுதான் லாயக்கு என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்கிப் போட்டார்கள். வாங்கியவர் காரில் போகிறவர். எனக்கு அதோடு ஒர்க்கிங் பேப்பர் ஃபைல், சாப்பாடு, தண்ணீர் பாட்டில், குடை. ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறி, சீட் கிடைக்காத நாளில், உட்கார்ந்திருக்கிற யாரிடமாவது "கொஞ்சம் பிடிங்கக்கா" என்று பையைக் கொடுப்போம் இல்லையா? வாங்கி மடியில் வைத்ததுமே அந்த அக்காவின் முகம் மாறிவிடும். செக்கானூரணி தாண்டுவதற்குள் "நீ எங்கம்மா இறங்கணும்?" என்று கேட்டுவிடுவார்.

கொஞ்ச நாளில் என்ன ஆகும் என்றால், லேப்டாப்பை ஆபீஸிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்துவிடுவோம். எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் அப்படித்தான். போன இடத்தில் பேப்பரில் குறித்துக்கொண்டு வந்து, ராத்திரி உட்கார்ந்து அதையே திரும்ப அடிப்பார்கள். கூட வராத மெஷினில் 16 ஜிபி ராம் இருந்தால் என்ன, 64 இருந்தால் என்ன?

நான் சொந்தக் காசில் வாங்கியது லெனோவோ திங்க்பேட் எக்ஸ்280. 2018இல் வந்த மாடல். 12.5 இன்ச் திரை, ஏறக்குறைய 1.2 கிலோ. சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக எடுத்தேன். பெரிய கம்பெனிகள் லீஸ் முடிந்ததும் மொத்தமாகக் கழித்துக்கட்டுகிற சரக்கு இப்படிக் கடைக்கு வரும். மூடிவைத்தால் ஏ4 தாளைவிட ஒரு சென்டிமீட்டர் நீளம், அகலம் அதே 21 சென்டிமீட்டர். ஃபைல் போகிற பையிலேயே இதுவும் போய்விடும். டைப்-சி என்பதால் போனுக்கும் இதற்கும் ஒரே சார்ஜர். பழையதன் சார்ஜர் மட்டுமே அரைக் கிலோ இருக்கும். விளம்பரத்தில் எடை போடுகிறவர்கள் யாரும் சார்ஜரைச் சேர்த்துப் போடுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

இப்போது போடிநாயக்கனூர் கதைக்கு வருகிறேன். அங்கே ஓர் ஏலக்காய் வியாபாரிக்குச் சரக்கின் பேரில் பேங்க் கடன். அந்தச் சரக்கு உண்மையில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் ஸ்டாக் ஆடிட்டுக்கு என்னை அனுப்பினார்கள். ஏலக்காய்க் கிட்டங்கியில் மேஜை நாற்காலியெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. காயைப் பருமன் வாரியாகச் சலித்து, 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது ஓர் அட்டி, அதற்குக் கீழே உள்ளது அடுத்த அட்டி என்று மூட்டை அடுக்கியிருப்பார்கள். அந்த வாசனை முதல் பத்து நிமிஷம் சொர்க்கம், அப்புறம் தலைவலி. அட்டி அட்டியாக எண்ணி, அங்கங்கே ஒரு மூட்டையை இறக்கச் சொல்லி எடை பார்த்து, தரம், மூட்டை, கிலோ என்று நின்றபடியே எக்செல்லில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இடது முழங்கையில் லேப்டாப்பைப் படுக்கவைத்து வலது கையால் அடித்தேன். 15.6 இன்ச்சை அப்படிப் பிடித்துக்கொண்டு ஓர் அட்டி முடித்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

மூட்டை இறக்கிய பெரியவர் எட்டிப் பார்த்து, "என்ன தாயி, டிபன் பாக்ஸ் கணக்கா இருக்கு, இதுலயா பேங்க்குக்குக் கணக்கு போடுற?" என்றார். கணக்குப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரிப்பு மத்தியானம் நின்றது. பர்ச்சேஸ் பில்லையும் பாக்கிப் பட்டியலையும் அங்கேயே ஷீட்டோடு வைத்துப் பார்த்ததில், ஒரு பெரிய லாட்டுக்கு இன்னும் பணமே கொடுக்கவில்லை என்று தெரிந்தது. பணம் கொடுக்காத சரக்கைக் காட்டி பேங்க்கில் கடன் எடுக்க முடியாது. பேப்பரில் குறித்துக்கொண்டு வந்திருந்தால் இது எனக்கு ராத்திரி மதுரையில்தான் தெரிந்திருக்கும். அதற்குள் பட்டியல் மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேங்க் மேனேஜர் போன் செய்தார். "மேடம், டிபி எவ்வளவு வருதுன்னு இன்னைக்கே அனுப்பிடுங்க, ரினியூவல் மேல போகணும்." டிபி என்றால் டிராயிங் பவர். இருக்கிற சரக்கின் மதிப்பில் பணம் கொடுக்காததைக் கழித்து, பேங்க் தன் பாதுகாப்புக்குப் பிடித்துவைக்கும் மார்ஜினையும் கழித்தால், பார்ட்டி எவ்வளவு எடுக்கலாம் என்று வரும் தொகை. நான் மூன்று பேர் சீட்டில் நடுவில் மாட்டியிருந்தேன். முன்சீட்டு முழங்காலில் இடிக்கிற இடைவெளி. பெரிய லேப்டாப் என்றால் திரையைப் பின்னால் சாய்க்கவே இடம் இருக்காது. பாதி திறந்துவைத்துக் குனிந்து பார்க்க வேண்டும், இரண்டு முழங்கையும் பக்கத்தில் இருப்பவர்கள் விலாவில் இருக்கும். இது மடிக்குள்ளேயே அடங்கியது. ஆண்டிபட்டி கணவாயில் எனக்கு எப்போதும் சிக்னல் போய்விடும். அதனால் அதற்கு முன்பே ஹாட்ஸ்பாட் போட்டு ஷீட்டை அனுப்பிவிட்டேன். ஜன்னலோரத்து அம்மா கடைசிவரை திரையையே பார்த்துவிட்டு, "டீச்சரா கண்ணு?" என்று கேட்டார்.

"ஏன் பஸ்ஸில் உயிரை விடுகிறாய், ரூம் போட்டுத் தங்கி நிதானமாகச் செய்யலாமே" என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். அந்த ஒருவர் ஆணாகத்தான் இருப்பார். சின்ன ஊர் லாட்ஜில் தனியாக ஒரு பெண் போய் ரூம் கேட்டுப் பாருங்கள். ஆதாரைக் கொடுத்தால் முகத்தைப் பார்ப்பார்கள். "கூட யாரும்மா வர்றாங்க?" யாரும் வரவில்லை, ஆடிட்டுக்கு வந்திருக்கிறேன் என்றால், அதுவரை இருந்த ரூம் எல்லாம் திடீரென்று நிறைந்துவிடும். பேங்க் மேனேஜர் பேசினால் ரூம் காலியாகும். எனக்கு ரூம் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. போலீஸ் கேட்பார்கள் என்று கவுன்ட்டரில் இருக்கிறவராகச் சொல்வதுதான். அதே ஊரில் என்னோடு வேலை பார்க்கிற தம்பி, டிரெயினிங்குக்கு வந்த பையன், பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடி ஏறிப் போய்விடுவான். எனக்கு அன்றைக்கே போய் அன்றைக்கே திரும்பும் பிழைப்பு. விடிகாலை தோளில் ஏறிய பை ராத்திரிதான் இறங்கும். எடை எடை என்று நான் அடித்துக்கொள்வது இதனாலும்தான். கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் போகிறேன் என்று தெரிகிறது, விடுங்கள்.

சின்னது என்றாலே மட்டம் என்ற எண்ணம் நம் ஆட்களுக்கு வந்ததற்கு நெட்புக் என்ற மலிவுக் குட்டி லேப்டாப்களின் காலம் ஒரு காரணம். 2007இல் ஆசுஸ் இ-பிசி வந்தது. 7 இன்ச் திரை, 4 ஜிபி சேமிப்பு, ஒரு கிலோவுக்கும் கீழே. உலகமே வாங்கியது. பின்னாலேயே எல்லா கம்பெனியும் இன்டெல் ஆட்டம் சிப்பைப் போட்டுக் குட்டி லேப்டாப் இறக்கினார்கள். பல மாடல்களில் திரை உயரம் 600 பிக்சல்தான். சில விண்டோக்களில் ஓகே பட்டன் திரைக்குக் கீழே போய் மறைந்துகொள்ளும், அழுத்தவே முடியாது. அதில் சூடு கண்டவர்கள்தான் இன்னும் "சின்னது வேண்டாம்ப்பா" என்கிறார்கள். ஆனால் 2008 ஜனவரியிலேயே ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு காகித உறையிலிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டிவிட்டார். அதன் 11 இன்ச் தம்பி 2010இல் வந்து 2016இல் நின்றது. 2015இல் 12 இன்ச் மேக்புக், 920 கிராம், விசிறிகூடக் கிடையாது. அதையும் 2019இல் நிறுத்திவிட்டார்கள். நல்ல சின்னது வரும், சில வருஷத்தில் கடையை விட்டுப் போய்விடும், இதே கதைதான். ஜப்பான்காரர்கள் மட்டும் விடவில்லை. ஃபுஜிட்சு அங்கே 13.3 இன்ச் திரையோடு 634 கிராமில் ஒன்று விற்றது. கூட்ட ரயிலில் நின்றுகொண்டே ஆபீஸ் போகிற ஊர், அவர்களுக்குத் தெரியும்.

நம் கடைகளில் இந்தச் சைஸைத் தேடினால் சேல்ஸ்மேன் 15.6 முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார். அதுதான் அவரிடம் இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. நம்பர் பேட் கிடையாது. நான் தனியாக ஒரு யூஎஸ்பி நம்பர் பேட் வைத்திருக்கிறேன், ஆபீஸில் உட்காரும்போது மட்டும். "அப்புறம் என்ன சின்னது" என்று கிண்டல் செய்ய வேண்டாம், நூறு கிராம் சமாச்சாரம் அது. பெரியதில் நம்பர் பேட்டுக்கு இடம் விடுவதால் எழுத்துகள் எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கிவிடும், மடியில் வைத்தால் உடம்பே கோணிக்கொண்டு அடிக்க வேண்டியிருக்கும், அதை யாரும் சொல்வதில்லை. அடுத்தது, ராம் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், பின்னால் கூட்ட முடியாது. 8 ஜிபிக்குக் குறைந்ததை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கண் வலிக்கும் என்பதும் உண்மை. எழுத்தை 125 சதவீதமாக வைத்துக்கொள்வேன். வீட்டில் ஹெச்டிஎம்ஐ போட்டுப் பெரிய மானிட்டர்.

போர்ட் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். புதிதாக வரும் பல மெல்லிசு மாடல்களில் டைப்-சி மட்டும்தான். எங்கள் தொழிலில் பென்டிரைவ் மாதிரி செருகுகிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இல்லாமல் ஒரு ரிப்போர்ட்டும் ஏறாது, அது பழைய யூஎஸ்பி. செப்டம்பர் 30, டேக்ஸ் ஆடிட் கடைசி நாள் ராத்திரி, தொங்குகிற ஹப்பில் டோக்கனைச் செருகிவைத்து அது ஆடி ஆடி "டோக்கன் நாட் ஃபவுண்ட்" என்று வரும்போது தெரியும் அருமை. என்னுடையதில் பழைய யூஎஸ்பி இரண்டு இருக்கிறது.

டேப்லெட் போதுமே என்று ஏற்கெனவே இரண்டு பேர் பதில் போட்டிருக்கிறார்கள். படம் பார்க்கப் போதும். டோக்கனையும் டேலியையும் அதில் ஓட்டிக் காட்டிவிட்டு வாருங்கள்.

என்னைப் போல செகண்ட் ஹேண்ட் பார்த்தால், இன்டெல் சிப்பில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11 முறைப்படி அங்கிருந்துதான் ஏறும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி உண்டு, கடைக்காரரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எக்ஸ்280 பேட்டரியின் கொள்ளளவு புதிதில் 48 வாட் ஹவர். இப்போது முழு சார்ஜில் 30க்குக் கீழே நிற்கிறது என்றால் பேட்டரி மாற்றும் காசைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். கீல் இரண்டையும் ஆட்டிப் பாருங்கள், பஸ்ஸில் முதலில் போவது அதுதான். சொந்தத் தொழில் செய்கிறவர் என்றால் ஜிஎஸ்டி பில் கண்டிப்பாகக் கேளுங்கள். கம்ப்யூட்டருக்கு வருமான வரிக் கணக்கில் வருஷம் 40 சதவீதம் தேய்மானம் என்று கழித்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் வாங்கிவிட்டு, மார்ச் கடைசியில் வந்து "எப்படியாவது உள்ளே காட்டுங்க மேடம்" என்று எங்கள் முன்னால் உட்காராதீர்கள்.