நுங்குத் தோட்டுக்கு என்ன விலை சொல்வது?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. டிசைனிங் படித்துவிட்டு மூணு வருஷமாகச் சொந்தப் பெயரில் தங்க நகை செய்து விற்கிறேன். வரைவதும் கல் பதிப்பதும் நான், அடித்து ஊதிச் சேர்ப்பது ஒரு வயதான ஆசாரி. நுங்கைப் பார்த்து ஒரு தோடு செய்தோம். ஜோடி 5 கிராம், ரெண்டு பேருக்கும் சேர்த்து நாலு நாள் வேலை. வருகிறவர்கள் எல்லாரும் "சேதாரம் எத்தனை சதவீதம்?" என்றுதான் கேட்கிறார்கள். கடையைவிடக் குறைத்து 14 போட்டேன், கையில் ஒன்றும் நிற்கவில்லை. போதாததற்கு நான் இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தைப் பார்த்து ஒரு பெரிய கடை அதே தோட்டை மெஷினில் அடித்து விற்கிறது. ஹால்மார்க் எல்லாம் எதுக்கு, என் கை போதும் என்கிறார் ஆசாரி. பேசாமல் ஏதாவது வேலைக்குப் போய்விடட்டுமா?

பதில்: அம்மிணி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். மூணு கண்ணும் ஒன்றுபோல இல்லாமல், நிஜ நுங்கு மாதிரியே ஒரு கண் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது. அது மெஷினுக்கு வராது. இதற்கு நாலு நாள் ஆனதில் ஆச்சரியமே இல்லை. உள்ளே குடைவான உருப்படி என்றால் ரெண்டு குமிழை வெங்காரம் தடவி, பற்றவைக்கிற உலோகப் பொடி வைத்து ஊத வேண்டும், உள்ளே சிக்கிய காற்று வெளியேற ஊசி முனையளவு துளையும் விட வேண்டும், அதை மறந்தால் சூட்டில் வெடித்து மொத்த வேலையும் போச்சு.

தப்பு உங்கள் கணக்கில் இருக்கிறது. 5 கிராமுக்கு 14 சதவீதம் என்றால் 0.7 கிராம் தங்கத்தின் விலை. நாலு நாள் உழைப்புக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதே 14 சதவீதத்தை 20 கிராம் மெஷின் வளையலுக்குப் போட்டால் 2.8 கிராம், அதாவது கை நோகாமல் நாலு மடங்கு! வேலை நுணுக்கமாக ஆக ஆக எடை குறையும், எடை குறைந்தால் சதவீதக் கூலியும் குறையும். எடை போட்டு விற்கும் கடைக்கு இந்த வழக்கம் சரி. உங்களுக்கு இது சொந்தக் காசில் சூனியம். இதில் போய் கடையைவிடக் குறைத்தும் போட்டிருக்கிறீர்கள்!

அதனால் சேதாரம் என்ற வார்த்தையையே பில்லிலிருந்து எடுத்துவிடுங்கள். தங்கம் இத்தனை கிராம், அன்றைய விலை. கல் இத்தனை, அதன் விலை தனி. பணிக்கூலி இத்தனை ரூபாய். பணிக்கூலி என்றால் உங்கள் பக்கத்து மலையாளத்தாருக்கும் புரியும். அந்த ரூபாயை நாள் கணக்கில் போடுங்கள், ஆசாரியின் நாளும் உங்கள் நாளும் தனித்தனியாக. பவுன் விலை ஏறினாலும் அது மாறாது, வாங்குகிறவருக்கும் அதில் ஒரு நியாயம் தெரியும். அராவின தூளையும் பட்டறைக் குப்பையையும் திரும்ப உருக்கியதுபோக நிஜமாக எவ்வளவு வீணாகிறது என்று ஒரு மாசம் எழுதி வையுங்கள், அதைக் கூலியோடு சேர்த்தால் போதும்.

"இவ்வளவு கூலியா?" என்று முகம் சுளிக்கிறவர்கள் வருவார்கள். அவர்களுக்குத் தேவை எடை, கடைக்கே போகட்டும். ஆனால் ஒன்று, திரும்பக் கொண்டுவந்தால் எதற்குக் காசு, எதற்கு இல்லை என்று விற்கும்போதே எழுதிக் கொடுங்கள். என் கல்யாண அட்டிகையை விற்கப் போன அன்றைக்குத்தான் கல்லையும் அரக்கையும் கழித்தால் அதில் எவ்வளவு தங்கம் என்று எனக்கே தெரிந்தது. வாங்கும்போது அந்தக் கடையில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஹால்மார்க் விஷயத்தில் ஆசாரி பேச்சைக் கேட்காதீர்கள். அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை, சந்தேகம் பொடி மேல். தங்கத்தைவிடச் சீக்கிரம் உருக வேண்டும் என்பதால் அதில் வேறு உலோகம் கலந்தே ஆக வேண்டும், உங்கள் தோடு மாதிரி பத்து இடத்தில் ஊதிய உருப்படியில் மொத்த மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், இறங்கிவிடலாம். ஒரு காலத்தில் கேடிஎம் என்று காட்மியம் கலந்த பொடியை வைத்து இதைத்தான் சமாளித்தார்கள், அந்தக் காட்மியப் புகை ஊதுகிறவரின் நுரையீரலைத்தான் பதம் பார்த்தது. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் சட்டப்படி உங்களுக்குக் கட்டாயம் இல்லை, இருந்தாலும் பதிவு செய்து போடுங்கள். பி.ஐ.எஸ். (இந்திய தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 916 (22 கேரட்) அல்லது 750, ஒவ்வொரு நகைக்கும் தனியாகக் கொடுக்கிற எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி., இந்த மூன்றும் இருந்தால் வாங்குகிறவர் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் தானே சரிபார்த்துக்கொள்வார். பெயர் தெரியாத சின்ன பிராண்டுக்கு அதைவிட வேறென்ன சிபாரிசு வேண்டும்? கல் பதிக்கும் நகைக்கு 750, அதாவது 18 கேரட், நல்லது. 22 கேரட் மிருதுவானது, கல்லைப் பிடிக்கும் நகம் சீக்கிரம் தளரும். நம் ஊர் மாமிகள் "அது தங்கமே இல்லை" என்பார்கள், பொறுமையாகச் சொல்லுங்கள்.

அப்புறம், எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூருக்கோ பொள்ளாச்சிக்கோ அனுப்புகிறீர்களா? உங்களுக்கு அது பக்கத்து ஊர், ஜி.எஸ்.டி.க்கு அது வேறு மாநிலம். ஜி.எஸ்.டி.யிலும் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று ஒரு கணக்கு உண்டு, வெளிமாநில விற்பனைக்கு அது செல்லாது, சில கைவினைப் பொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் நகை அதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

நுங்குத் தோட்டைக் காப்பி அடித்த கதைக்கு வருகிறேன். வருத்தம்தான், ஆனால் டிசைன் சட்டம் (2000) முன்பே வெளியான வடிவத்தைப் பதிவு செய்ய விடாது, நீங்களே இன்ஸ்டாகிராமில் போட்டதும் அதில் சேரும். அடுத்த வடிவத்தை முதலில் விண்ணப்பித்துவிட்டு அப்புறம் படம் போடுங்கள். பதிவானால் 10 வருஷம், மேலும் 5 வருஷம் நீட்டிக்கலாம். எல்லாவற்றையும் பதிவு செய்யாதீர்கள், காசு கரையும். அடையாளமாக நிற்கப்போகிற ரெண்டு மூணுக்கு மட்டும் போதும்.

வேலைக்குப் போவதா என்று கேட்டீர்கள். ஆவணி முகூர்த்தம் முடியும்வரை ரூபாய்க் கூலியில் விற்றுப் பாருங்கள். ஆசாரிக்கு உருப்படி முடிந்த அன்றைக்கே கொடுத்துவிட்டு, மிச்சத்தில் உங்கள் நாள் கூலி நிற்கிறதா என்று நோட்டில் பாருங்கள். நிற்கவில்லை என்றால் அந்த நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், வேலை தேடுவதைப் பற்றி அன்றைக்குப் பேசலாம்.