பெட்டி பெட்டியாக அடுக்கிப் பாருங்கள்

வீட்டு வீடியோ – கேள்வி பதில்
பதில் சொல்பவர்: தருமபுரியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர்

கேள்வி: ஐயா, கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஒகேனக்கல் போய் வந்தோம். எல்லார் செல்போனிலும் எடுத்ததைச் சேர்த்தால் நூற்றைம்பது கிளிப்புக்கு மேல் இருக்கிறது. அத்தனையையும் டைம்லைனில் வரிசையாகப் போட்டேன், ஒன்றேகால் மணி நேரம் ஓடுகிறது. பத்து நிமிஷத்துக்கு மேல் வீட்டில் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. எதை வெட்டுவது, எதை வைப்பது?
– வாசகி, பாலக்கோடு

பதில்: கிளிப்புகள் ஓடும் நேரத்துக்கு ஏற்ற நீளத்தில் தெரியும் அந்த டைம்லைனைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள் அம்மா. முதலில் ஸ்டோரிபோர்டு, அதாவது கிளிப்புகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கிக் காட்டும் திரை. அதில் ஒவ்வொரு கிளிப்பும் ஒரே அளவுப் பெட்டி. நாலு செகண்டு ஓடுவதும் நாலு நிமிஷம் ஓடுவதும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதனால் எதற்கு அடுத்து எது என்பதை மட்டும் யோசிக்கலாம். டைம்லைனில் உட்கார்ந்தால் பாட்டு, சத்தம், செகண்டு என்று கவனம் சிதறி, கதை கையை விட்டுப் போய்விடும்.

பழைய விண்டோஸ் மூவி மேக்கரில் கன்ட்ரோல் விசையோடு T அழுத்தினால் ஸ்டோரிபோர்டுக்கும் டைம்லைனுக்கும் மாறிக்கொள்ளலாம். அதை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-இல் வரும் கிளிப்சாம்ப்பில் இருப்பது டைம்லைன். கோரல் வீடியோஸ்டுடியோவில் இரண்டும் உண்டு. உங்கள் மென்பொருளில் ஸ்டோரிபோர்டு இல்லையென்றால் கம்ப்யூட்டர் ஃபோல்டரே போதும். கிளிப்புகளை நகலெடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டு, பெரிய ஐகானாகத் தெரியும்படி வைத்து, பெயருக்கு முன்னால் 010, 020, 030 என்று எண் கொடுங்கள். பத்துப் பத்தாகத் தாண்டிப் போவது எதற்கென்றால், நடுவில் ஒன்றைச் செருக வேண்டி வந்தால் 025 என்று கொடுத்துவிடலாம், மற்றதைத் தொட வேண்டியதில்லை.

பெட்டியில் தெரியும் படம் பெரும்பாலும் கிளிப்பின் முதல் காட்சி. பரிசல் சவாரி எடுத்த கிளிப்பைப் பாருங்கள், பெட்டியில் யாருடைய செருப்போ, ஈரப் பாறையோ தெரியும். ரெக்கார்டு பொத்தானை அமுக்கிய பிறகுதான் போனைத் தூக்கியிருப்பார்கள். மென்பொருளில் அந்த ஆரம்பத் துண்டை ட்ரிம் செய்துவிட்டால் பெட்டியிலும் பரிசல் வந்துவிடும். எல்லாக் கிளிப்புக்கும் தலையையும் வாலையும் இப்படி நறுக்கினாலே உங்கள் ஒன்றேகால் மணி நேரம் கணிசமாகக் குறையும்.

அடுத்து நீளமானவற்றை உடைப்பது. நாலு நிமிஷப் பரிசல் கிளிப்பில் பரிசல்காரர் நடு ஆற்றில் பரிசலைச் சுழற்றுகிற இடம் இருக்கும், பிள்ளைகள் கத்துகிற இடம் இருக்கும், அருவிச் சாரல் லென்ஸில் விழுந்து எல்லாம் மங்கிப்போன இடமும் இருக்கும். அந்தந்த இடத்தில் ஸ்ப்ளிட் செய்தால் ஒரு பெட்டி ஐந்தாறு பெட்டி ஆகும். சுழற்றுவதற்குப் பத்துப் பன்னிரண்டு செகண்டு தாராளம். மங்கியது போகட்டும். ஒரே அருவியை ஏழெட்டுப் பேர் ஏழெட்டுத் தடவை எடுத்திருப்பார்கள். தொங்கு பாலத்திலிருந்து எடுத்ததில் நல்லதாக ஒன்று வையுங்கள்.

இப்போது வரிசை. நடந்தபடியே வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பரிசலில் ஏற மாட்டேன் என்று கரையில் பையோடு உட்கார்ந்துவிட்ட பாட்டியோ பெரியம்மாவோ ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார்கள். அவர் முகம் வரும் கிளிப்பை, எப்போது எடுத்ததாக இருந்தாலும், பரிசல் பெட்டிகளுக்கு நடுவில் வையுங்கள். பரிசல் சுழல்கிறது, கரையில் அவர் முகம், மறுபடி பரிசல். வேறு வேறு நேரத்தில் எடுத்ததுதான், ஆனால் பிள்ளைகளையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் வந்துவிடும். உண்மையிலும் அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்! எண்ணெய் மசாஜ், மீன் வறுவல், பென்னாகரம் தாண்டி மலைப்பாதை இறங்கும் பஸ் ஜன்னல், எல்லாவற்றையும் இப்படி நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். தூரக் காட்சி ஒன்று வந்தால் பக்கத்துக் காட்சி இரண்டு வரட்டும். மீன் கடையைக் காட்டினால் அடுத்த பெட்டியில் வாணலியும் மிளகாய் பூசிய மீனும் இருக்க வேண்டும்.

வரிசையில் ஐம்பது பெட்டிக்கு மேல் நிற்க விடாதீர்கள். எட்டுப் பத்து நிமிஷப் படம் கிடைக்கும். வீட்டில் எல்லாரும் எழுந்திருக்காமல் பார்க்கிற நீளம் அதுதான்.

கேள்வி: அண்ணா, எங்கள் ஊர் மயானக் கொள்ளைத் திருவிழாவை எடுத்து, பின்னணியில் சினிமாப் பாட்டும் போட்டேன். ஒரு கிளிப்பை இடம் மாற்றினால் பாட்டு எங்கேயோ போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சரி செய்கிறேன்.
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பாட்டைக் கடைசியில் போடுங்கள் தம்பி. ஸ்டோரிபோர்டில் வரிசை முடிவாகி, இனி எந்தப் பெட்டியையும் நகர்த்தப் போவதில்லை என்ற பிறகுதான் டைம்லைனுக்குப் போக வேண்டும். ஒரு காட்சி மறைந்து அடுத்தது வரும்படி இரண்டு பெட்டிக்கு நடுவில் போடும் டிரான்சிஷனும் நேரத்தை மாற்றும். ஐந்து செகண்டுக் கிளிப் இரண்டு, நடுவில் ஒரு செகண்டு டிரான்சிஷன் என்றால் மொத்தம் ஒன்பது செகண்டுதான், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதையும் பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். எல்லா இடைவெளியிலும் டிரான்சிஷன் போடாதீர்கள், இடம் மாறும்போது மட்டும் போதும்.

இன்னொன்று, மயானக் கொள்ளைக்குச் சினிமாப் பாட்டு எதற்கு? பம்பையும் உடுக்கையும் உங்கள் கிளிப்பிலேயே இருக்கிறது. இரண்டு நிமிஷம் அறுபடாமல் பம்பை கேட்கிற ஒரு கிளிப்பைத் தேடி, ஒலியை மட்டும் தனியாகப் பிரித்து, அடியில் ஓடவிடுங்கள். மேலே ஊர்வலம், அம்மன் வேடம், கூட்டம் என்று படம் எத்தனை முறை மாறினாலும் தாளம் அறுபடாது. பம்பைக்காரர் கை தெரிகிற இடத்தில் மட்டும் அந்தக் கிளிப்பின் சொந்த ஒலியை வையுங்கள், இல்லையென்றால் அடி ஓரிடம், சத்தம் ஓரிடம் என்று நிற்கும். யூடியூபில் ஏற்றும்போது சினிமாப் பாட்டுக்கு வரும் உரிமைப் பிரச்சினையும் இதில் இல்லை.

கேள்வி: எடிட் செய்து பென் டிரைவில் போட்டு அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். டிவியில் திறக்கவே இல்லை.
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: நீங்கள் எடுத்துப் போனது புராஜெக்ட் ஃபைலாக இருக்கும். எந்தக் கிளிப், எந்த இடம், எங்கே வெட்டு என்ற குறிப்புதான் அதில் இருக்கும், வீடியோ இருக்காது. எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக்கித் தரும் எக்ஸ்போர்ட் கொடுத்து எம்பி4 ஆக, 1080 அளவில் எடுங்கள், பெரும்பாலான டிவியில் ஓடும். படம் முடிகிற வரை கிளிப்புகள் இருக்கும் ஃபோல்டரின் பெயரையோ இடத்தையோ மாற்றாதீர்கள், மாற்றினால் மென்பொருளுக்கு அவை அகப்படாது. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், தரம் குறையாது.

கேள்வி: பாதி செங்குத்தாக, பாதி படுக்கையாக எடுத்திருக்கிறோம். சேர்க்கலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: சேர்க்கலாம். டிவிக்கு என்றால் படுக்கை அளவை வைத்துக்கொண்டு, செங்குத்தான கிளிப்புகளை மட்டும் இரண்டு மூன்றாக அடுத்தடுத்து வையுங்கள். மாறி மாறி வந்தால் கண் வலிக்கும்.

கேள்வி: தாத்தா இறந்துவிட்டார். மாந்தோப்பில் உட்கார்ந்து, அந்தத் தோப்பு வைத்த கதையை அவர் சொல்வது ஆறு நிமிஷம் போனில் இருக்கிறது. தம்பி எடுத்தது, கை ரொம்ப நடுங்கியிருக்கிறது. எதை வெட்டுவது?
– வாசகி, பர்கூர்

பதில்: எதையும் வெட்டாதீர்கள் அம்மா. மேலே பாலக்கோடு வாசகிக்கு நறுக்கச் சொன்ன விதி இதற்குக் கிடையாது. ஆறு நிமிஷமும் ஒரே பெட்டியாக இருக்கட்டும். அவர் யோசிக்க நிறுத்துகிற இடங்களையும், இருமுவதையும்கூட எடுக்காதீர்கள்.

ஆட்டம் தாங்க முடியாத இடங்களில் மட்டும் டைம்லைனில் மேல் வரிசை ஒன்று சேர்த்து, மாமரங்கள், அவர் கை, பழைய ஃபோட்டோ என்று ஐந்தாறு செகண்டுக்கு மூடுங்கள். கீழே அவர் குரல் அப்படியே ஓடும். முகம் தெளிவாக இருக்கிற இடத்தை மூட வேண்டாம். இதைச் செய்வதற்கு முன்பே, போனில் இருக்கிற அசல் ஃபைலைக் கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று என்று இன்றைக்கே நகலெடுத்து வைத்துவிடுங்கள்.