மிஸ் அடிக்கும் பழைய கார்: எஞ்சினில் கை வைக்குமுன் கொயிலை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு ரவுணுக்குத் தினமும் போய்வரும் ஆசிரியை. ஆறு மாதத்துக்கு முன் தரகர் ஒருவர் மூலம் 2008ஆம் ஆண்டு 1,000 சிசி விட்ஸ் கார் வாங்கினேன். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் நன்றாக ஓடுகிறது. ஆரையம்பதி தாண்டி எஞ்சின் சூடானதும், ஏசியும் போட்டுக் கல்லடிப் பாலத்தில் ஏறினால் வெட்டி வெட்டி இழுக்கிறது. அந்த நேரம் மஞ்சள் எஞ்சின் லைட் மினுங்கும், பிறகு தானாக நின்றுவிடும். மழை நாளில் இன்னும் மோசம். கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் தெரிவதில்லை. ஒருவர் த்ரொட்டில் கழுவினார். மற்றவர் பிளக் மாற்றினார். மூன்றாமவர் எஞ்சினையே மாற்றச் சொல்கிறார். 95 பெற்றோல் அடித்தால் சரிவரும் என்கிறார் தரகர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: டீச்சர், எஞ்சினை மாற்ற வேண்டாம். இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

மிஸ் அடிப்பது என்றால் ஒரு சிலிண்டருக்குள் பெற்றோல் எரிய வேண்டிய நேரத்தில் எரியவில்லை, அவ்வளவுதான். எரிவதற்குத் தீப்பொறி வேண்டும், பெற்றோலும் காற்றும் அளவாக வேண்டும், உள்ளே போதிய அமுக்கம் வேண்டும். எஞ்சின் தேய்ந்து அமுக்கம் போயிருந்தால் குளிர்ந்த எஞ்சினில், காலையில் முதல் சாவி போட்டதிலிருந்தே அதிர்ந்திருக்கும். உங்கள் கார் காலையில் ஒழுங்காக ஓடி, சூடேறி, பாரம் ஏறி, ஈரம் பட்டால் மட்டும் மிஸ் அடிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது தீப்பொறிப் பக்கத்தைத்தான். மேட்டில் ஏறும்போது சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். அதை மீறிப் பொறி பாய அதிக வோல்ற்றேஜ் தேவை. அந்த வோல்ற்றேஜை உண்டாக்கி, பொறி பாயும் பிளக்குக்குக் கொடுப்பது அதன் மேலிருக்கும் கொயில். பலவீனமான கொயில் தட்டை வீதியில் சமாளித்துவிடும், பாலத்தில் கையை விரித்துவிடும். கொயில் சூடானால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்று இன்னும் பலவீனமாகும். ஈரம் இருந்தால் பொறி பிளக் நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் கசிந்து ஓடிவிடும்.

95 பெற்றோல் இதைச் சரிப்படுத்தாது. உங்கள் எஞ்சினுக்கு 92 போதும். எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடும் த்ரொட்டிலைக் கழுவியது, சும்மா நிற்கும்போது எஞ்சின் சீராக ஓட உதவியிருக்கும். பாலத்து வெட்டலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் மினுங்கும் லைட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நிலையாக எரிந்தால் கராஜுக்குப் போக நேரம் இருக்கிறது. மினுங்கினால் எரியாத பெற்றோல் நேராகப் புகைக்குழாய்க்குள் போகிறது என்று அர்த்தம். அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிட்டிக் கொன்வேட்டர் என்ற பாகம் இருக்கிறது. அந்தப் பெற்றோல் அதற்குள் போய் எரிந்தால் அது செந்தணலாகச் சூடேறி உருகிப்போகும். ஆகவே மினுங்கத் தொடங்கியதும் ஏசியை நிறுத்துங்கள், ஆக்சிலேட்டரை விடுங்கள், மெதுவாக ஓரங்கட்டுங்கள். ‘எப்படியும் பள்ளிக்கூடம் போய்ச் சேருவோம்’ என்று மிதித்துக்கொண்டு போகாதீர்கள்.

‘கராஜில் ஒழுங்காக ஓடுகிறது, ஆகவே கண்டுபிடிக்க ஏலாது’ என்று சொன்னவரை நான் ஏற்கவில்லை. காரின் கம்பியூட்டருக்கு நல்ல ஞாபகம் உண்டு. லைட் அணைந்த பிறகும் கோளாறு நிலுவையில் பதிவாகி இருக்கலாம். நிலையான பதிவென்றால், அந்தக் கணத்தில் எஞ்சின் எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம், எவ்வளவு பாரம் என்பதும் கூடவே கிடைக்கும். காரின் கம்பியூட்டரில் ஸ்கேனரை இணைத்துப் பார்க்கிறவரிடம் அந்தப் பதிவையும் நிலுவையிலுள்ள கோளாறு இலக்கங்களையும், அதாவது கோட்களையும் காட்டச் சொல்லுங்கள். பி0301, பி0302, பி0303 என்று வந்தால் கடைசி இலக்கம் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும். பி0300 என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்களில் மாறி மாறி. மலிவான ஸ்கேனர் சில ஜப்பான் கார்களுடன் பேசாது. டொயோட்டாவுக்கென்று ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள். ஸ்கேன் பண்ணும்வரை யாரையும் பற்றறி வயரைக் கழற்ற விடாதீர்கள். கழற்றினால் அத்தனை சாட்சியும் அழிந்துவிடும்.

இரண்டாம் சிலிண்டர் என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஆறியதும் மேலே இருக்கும் எயார் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் மூன்று கொயில்களும் வரிசையாகத் தெரியும். இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். கொயிலை மட்டும். பிளக்கைத் தொட வேண்டாம், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பிறகு பழையபடி ஏசி போட்டுப் பாலத்தில் ஏறி இறங்கி, திரும்ப ஸ்கேன். கோட் பி0303 ஆக மாறினால் குற்றவாளி கொயில்தான். பி0302 ஆகவே நின்றால் அடுத்து பிளக்கை இடம் மாற்றுங்கள். அதுவும் நகரவில்லை என்றால்தான் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், அதற்கும் பிறகுதான் அமுக்கத்தை அளக்கும் கம்ப்ரெஷன் ரெஸ்ட். கொயிலை இடம் மாற்றப் புதுச் சாமான் எதுவும் தேவையில்லை, 10 மில்லிமீற்றர் சாவி ஒன்று போதும். இதைச் செய்யாமலே பாகம் பாகமாக மாற்றுகிற கராஜுக்கு உங்கள் காசில் பரீட்சை நடத்துகிற பழக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொயில் கனெக்டரின் கொளுக்கி இத்தனை வருடச் சூட்டில் மொறுமொறுத்துப் போயிருக்கும். மெதுவாக அமர்த்திக் கழற்றச் சொல்லுங்கள். உடைந்தால் அதுவே புது லூஸ் கனெக்‌ஷன்.

பிளக் வெளியே வந்தால் நீங்களும் கையில் வாங்கிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கீறினாற்போல மெல்லிய கறுப்புக் கோடு மேலிருந்து கீழே ஓடியிருக்கிறதா? பொறி கசிந்து ஓடிய தடம் அது. துடைத்தாலும் போகாது. அப்படி இருந்தால் பிளக்கையும் கொயிலின் றப்பர் உறையையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுத்துவிடும். பிளக் இருக்கும் குழிக்குள் ஒயில் தேங்கியிருந்தால் மேல்மூடியின் சீல் போய்விட்டது. தண்ணீர் இருந்தால் சேர்விஸ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குப் பிரஷர் தண்ணீர் அடித்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். நாம் இருக்கும் எழுவான்கரை முழுக்க ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. உப்புக் காற்றில் கனெக்டரின் செப்பு முனைகள் பச்சை பூத்துப் போவதும் இங்கே சாதாரணம்.

இங்கே ஒரு விதிவிலக்கை நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதனால் வீணாகக் காசு இழக்கிறவர்கள் ஏராளம். உங்கள் 1,000 சிசி விட்ஸ், வெகன் ஆர், அல்டோ 800 எல்லாம் மூன்று சிலிண்டர் எஞ்சின்கள். மூன்று பேர் தண்டு வலிக்கும் தோணி இலேசாகச் சரிந்து சரிந்து போகிறமாதிரி, அந்த எஞ்சின்கள் இயல்பிலேயே கொஞ்சம் அதிரும். டி கியரில் பிரேக்கை மிதித்து, ஏசியோடு நிற்கும்போது ஸ்ரியறிங் நடுங்கும். ஒரே தாளத்தில் நடுங்கும், நியூட்ரலில் போட்டால் குறையும், லைட் மினுங்காது, கார் நகர்ந்ததும் மறையும். அது மிஸ் இல்லை. மிஞ்சிப்போனால் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் றப்பர் தளர்ந்திருக்கும். முன்பு நான்கு சிலிண்டர் ஓட்டியவர்கள் இதைக் கண்டு பயந்து கராஜுக்குப் போகிறார்கள். அங்கே இல்லாத மிஸ்ஸுக்கு பிளக், கொயில், இன்ஜெக்டர் கழுவல் என்று பில் ஏறுகிறது, கார் அதே நடுக்கத்தோடு திரும்புகிறது. உங்களுடையது இழுக்கும்போது வெட்டுகிறது, லைட்டும் மினுங்குகிறது, ஆகவே இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. பக்கத்து வீட்டு வெகன் ஆர்காரருக்குப் பொருந்தலாம்.

இனி என்னைக் கோபப்படுத்துகிற விடயம். ‘கட்டலிட்டிக் அடைத்துவிட்டது, கழற்றிவிட்டால் இழுவை வரும்’ என்று யாராவது சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அதற்குள் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் என்ற விலை கூடிய உலோகங்கள் இருக்கின்றன. வாங்குவதற்கென்றே ஆட்கள் திரிகிறார்கள். உங்களிடம் கழற்று கூலியும் வாங்கி, கழற்றிய சாமானையும் விற்றுக் காசாக்குவார்கள். மிஸ் அப்படியே இருக்கும், அதற்குமேல் புகைப் பரிசோதனையிலும் கார் தவறலாம்.

புகைச் சான்றிதழைக் காட்டித்தான் தரகர் உங்களுக்கு இந்தக் காரை ‘எஞ்சின் சுத்தம்’ என்று விற்றிருப்பார். 2008 முதல் நடக்கும் இந்தப் பரிசோதனையில் பெற்றோல் காரை நிற்கவைத்துத்தான் புகையை அளக்கிறார்கள். பாரம் ஏற்றுவதில்லை. பாலத்தில் மிஸ் அடிக்கிற கார் அங்கே தாராளமாகச் சித்தியடையும். வருடா வருடம் இந்தச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்கிறோம். ஆனால் பதினைந்து, இருபது வருடக் கார் ஒன்று கைமாறும்போது அதன் எஞ்சினை, பிரேக்கைப் பார்க்கக் கட்டாய ஏற்பாடு எதுவும் இல்லை. கடதாசி சரியென்றால் எல்லாம் சரி. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எகிற, கோளாறை மறைத்து விற்பவர்களுக்கு நல்ல காலம் வந்தது.

நாளைக் காலை ஒன்று செய்யுங்கள். சாவியை ஓன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல் டாஷ்போர்டைப் பாருங்கள். எஞ்சின் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். உங்களுடையது மினுங்குவதால் பல்பை யாரும் கழற்றவில்லை என்பது நிச்சயம். ஆனால் விற்குமுன் கோட்களை அழித்திருப்பார்கள் என்பது என் ஊகம். அழித்த கையோடு ஸ்கேன் பண்ணினால் காரின் சுயபரிசோதனைகள் ‘முடியவில்லை’ என்று காட்டும். வாங்கும் அன்றே ஸ்கேன் பண்ணியிருந்தால் அது தெரிந்திருக்கும். ஆறு மாதம் கழித்து அதை நிரூபிக்க வழியில்லை, தரகரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கொயில் வாங்கும்போது பெட்டியிலுள்ள பெயரை நம்பாதீர்கள். கொயிலும் பிளக்கும் செய்யும் டென்சோ, என்ஜிகே கம்பனிகளின் பெயர்களில் போலிகள் உலகமெங்கும் உலாவுகின்றன. பாதி விலைக்குக் கிடைத்தால் அது போலிதான். கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய வாகனச் சாமான் கடைகளிலிருந்து வந்த பாவித்த அசல் கொயில்கூடப் போலிப் புதியதைவிட மேல், ஆனால் அதை உங்கள் காரில் போட்டு, சூடேற்றி, பாலம் ஏறிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். கராஜில் எழுத்தில் பில் கேளுங்கள். தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். கழற்றிய பழைய கொயிலையும் பிளக்கையும் கேட்டு வாங்கி, எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று மேலே எழுதி டிக்கியில் வையுங்கள். அதே சிலிண்டரில் திரும்பவும் மிஸ் வந்தால், அடுத்துப் பார்ப்பவர் அதைக் கொண்டே இன்ஜெக்டரிலிருந்து தொடங்கலாம்.